மனைவியா, இல்லையா

பதுளை நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி இரண்டு முறை அங்கே வந்தாள். ஒல்லியான உடம்பு, கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள். வாசலுக்கும் தூணுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள்.

முதல் முறை வழக்குப் போட்டவன் அவள் தோட்டத்துக் கங்காணி. பசறைக்கு ஓடிப்போன அவள் தன் மனைவி என்று சத்தியம் செய்தான். அவள் இல்லவே இல்லை என்றாள். நீதவான் அவனை நம்பி, அவளை அவனோடு அனுப்பிவைத்தார்.

அடுத்த முறை அவளே வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. கங்காணி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளை லயத்து வீட்டிலிருந்து விரட்டியிருந்தான். மனைவிக்கும் பிள்ளைக்கும் சோறு போடச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"இவ என் பொஞ்சாதியே இல்லீங்க" என்றான் அவன்.

"மனைவி என்று சொல்லித்தானே அன்றைக்கு இவளைக் கூட்டிப்போனாய்? இன்றைக்கு அதை மாற்றிப் பேச உனக்கு உரிமையில்லை" என்றார் நீதவான். தீர்ப்பு அவள் பக்கம் ஆயிற்று.

வெளியே வந்தும் அவள் நிலைகொள்ளாமல் நடந்தாள். "ஜெயிச்சிட்டியேம்மா, இன்னும் என்ன?" என்றேன்.

"நானுந்தான் பேச்சை மாத்திட்டேங்க. அன்னைக்கு இல்லேன்னேன், இன்னைக்கு ஆமான்னேன். சட்டம் என்னை மட்டும் ஏங்க விட்டுச்சு?"

"அன்னைக்கு அவன் சொன்னதை வச்சு உன்னைக் கூட்டிட்டுப் போனான். நீ சொன்னதால உனக்கு ஒண்ணும் கிடைக்கலியே."

"அன்னைக்குச் சொன்னதுதாங்க நெசம்."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஹாலிஎலப் பாதையில் வேகமாகப் போய்விட்டாள். அவளுக்குச் சோறு கிடைத்ததை நினைத்துச் சந்தோஷப்படுவதா, அவன் மனைவியாகவே ஆகிவிட்டதை நினைத்து வருந்துவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.