துச்சாதனன் மனைவி சொன்ன சாட்சி

ஐந்தாவதுதான் படித்தேன்; ஆனாலும் திருவண்ணாமலை வட்டாரத்தில் நான் பந்தல் போடாத திருவிழா கிடையாது. கூத்துக்காரர்களை என்னளவுக்கு அறிந்தவன் எவனும் இல்லை.

கீழ்பென்னாத்தூர் மூர்த்தி பகலில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விவசாயி, கூத்தில் துச்சாதனன். பாஞ்சாலியின் சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்பது அந்த வேடத்துக்கு முறை. மூர்த்தி அழுதே விடுவார்.

போன வருடம் கீர்த்தனா என்ற அதிகாரி வந்தார். கூத்தால் ஜனங்களிடம் என்ன மாற்றம் என்று பார்த்து, மூர்த்தியின் குழுவுக்கு அரசு உதவி தொடரலாமா என்று அவர் சொல்ல வேண்டும். கூத்து முடிந்த காலையில் கோயில் வாசலில் எல்லோரையும் விசாரித்தார்.

"இதைப் பாத்துதான் ஆம்பளைங்க பொம்பளைங்கள மதிக்கிறாங்க மேடம்" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது.

மூர்த்தியின் மனைவி காசியம்மாள் எழுந்தாள். "மேடையில புடவைக்குக் கற்பூரம் கொளுத்துவாரு. வூட்ல நான் ஜுரத்துல கெடந்தாலும் கஞ்சி வெக்கமாட்டாரு."

சிரிப்பு அடங்கியதும் கீர்த்தனா மூர்த்தியிடம் கேட்டார்: "இதை எழுதினா உதவி நின்னு போகலாம். எழுதட்டுங்களா ஐயா?"

மூர்த்தி தலையைச் சொறிந்தார். "எழுதிக்கோங்க. அவ சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல."

கூத்து ஆண்களைத் திருத்தவில்லை, ஆனால் ஒரு பெண் சபையில் எழுந்து பேச இடம் தருகிறது, உதவி தொடரலாம் என்று கீர்த்தனா எழுதினாராம்.

சேதி வந்ததும் என் செலவில் மூர்த்திக்கு மாலை போட்டோம். அவர் அதைக் கழற்றிக் காசியம்மாளிடம் நீட்டினார்.

"குடு, மாட்டுக்காவது போடலாம்" என்று வாங்கிக்கொண்டாள்.