படத்தில் நின்ற களை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கலைஞன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று வெகுநாள் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

என் படங்களைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். வெறும் சாயத்தைப் பூசினால் எனக்கு வயலும் வராது, கடலும் வராது. கோந்தில் சுண்ணாம்புப் பொடியைக் குழைத்து, உமியும் வைக்கோல் துணுக்கும் கலந்து, கொத்தனார் கரணையால் இழுத்து அப்புவேன். கோடியக்கரை உப்பளத்தை வரைந்தபோது அங்கிருந்தே உப்பு கொண்டுவந்து ஒட்டினேன். ஐப்பசி மழையில் அந்தப் படம் வியர்த்து வழிந்து வீட்டுச் சுவர் கறையானது. பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியாருக்கு இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

உமி அனுப்புவது என் அக்கா. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் சிங்கப்பூரில் இருக்கிறார். சாகுபடி முழுக்க அவள் தலையில். நடவுக்கு ஆள் தேடுவது, அறுப்பு மெஷினுக்கு அலைவது எல்லாம் அவள்தான். அதற்கு நடுவிலும் எனக்காக உமியைச் சலித்து, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

"இத வச்சு அப்படி என்னதான் பண்ற?" என்று போனில் கேட்பாள்.

"வந்து பாரேன்" என்பேன்.

"களையெடுப்பு முடியட்டும்டா."

அவளுக்குக் களையெடுப்பு முடிந்ததே இல்லை. வரப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய் எதையாவது பிடுங்கும். அடுத்தவர் வயலாக இருந்தாலும் விடமாட்டாள். பஸ்ஸில் போனால்கூட ஜன்னல் வழியாக யார் வயலில் களை மண்டியிருக்கிறது என்றுதான் பார்ப்பாள்.

தஞ்சாவூரில் முதல் கண்காட்சி வைத்தபோது இருபது படங்கள் மாட்டினேன். பாதி கடற்கரை, பாதி வயல். நடுச்சுவரில் இருந்தது அக்காவின் வயல். அவளுக்குத் தெரியாமல் வரைந்தது. மதகு, மோட்டார் கொட்டகை, முற்றிய சம்பா. அவள் வந்து பார்த்து, யாரும் சொல்லாமல், "இது நம்ம வயலு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாதம் உழைத்தேன். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று காய்ந்த குதிரைவாலிக் கதிர் ஒன்றையும் அதில் ஒட்டியிருந்தேன். நெல்லோடு நெல்லாக வளர்ந்து, கதிர் விட்ட பிறகு மேலே எட்டிப் பார்த்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் களை அது.

திறப்பு நாளன்று சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவருக்கு நான் உப்பளத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா எப்போது வந்தாள் என்றே தெரியாது. பின்னால் ஏதோ பிய்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் தன் வயலுக்கு முன்னால் நின்றிருந்தாள். இடது கையில் ஒயர் கூடை, வலது கையில் குதிரைவாலி. அதோடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்த சுண்ணாம்புப் பொருக்கு தரையில் கிடந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இது என்ன உன் வயக்காடா?" என்று கத்தினேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அக்கா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் தம்பி. கை தானாப் போயிடுச்சு."

பொருக்கைத் தரையிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி மேஜைமேல் வைத்தாள். கூடையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை பஸ் ஒரத்தநாட்டுக்கு என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வாசல்வரை போகவில்லை. பெரிய மனிதர் காத்திருந்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் கோந்துக் கிண்ணத்தோடு உட்கார்ந்து அந்த ஓட்டையை அடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் படமாகப் பார்த்தார்கள், அருமை என்றார்கள். அவள் ஒருத்திதான் வயலாகப் பார்த்தாள். அவள் வாயால் வரவேண்டும் என்று நான் காத்திருந்த சொல்லை அவள் கை சொல்லிவிட்டது. அதற்குத்தான் நான், உன் வயக்காடா என்று கேட்டிருக்கிறேன். ஆமாம், அவள் வயக்காடுதான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க போன் செய்தேன். "அட, அத விடுப்பா, உமி போதுமா?" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் காலில் விழுந்தாவது சரிக்கட்டியிருப்பேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. உமி வழக்கம்போல் வந்தது. ஆனால் அதை வைத்து என்ன பண்ணுகிறேன் என்று அப்புறம் அவள் கேட்டதே கிடையாது.

மறுவருஷம் கும்பகோணத்தில் கண்காட்சி. நேரில் போய்க் கூப்பிட்டேன். ரெண்டு தடவை சாக்குச் சொன்னாள். மூன்றாம் தடவை காரோடு போய் நின்றேன். அதே படத்தைத்தான் நடுவில் மாட்டியிருந்தேன். ஒட்டுப்போட்ட இடத்தில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், புதிதாக ஒரு குதிரைவாலியை வேண்டுமென்றே ஒட்டியிருந்தேன். லேசாகத்தான், தொட்டால் வந்துவிடும்படி.

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, கோயில் கர்ப்பகிரகத்துக்கு முன் நிற்பதுபோல் தள்ளி நின்று பார்த்தாள்.

"அக்கா, குதிரைவாலி நிக்குது பாரு."

"பார்த்தேன்."

"பிடுங்கேன். உன் வயலுதான்."

சிரித்தாள். கை மட்டும் முந்தானையை விட்டு வெளியே வரவில்லை.

"இருந்துட்டுப் போவட்டும் தம்பி" என்றாள்.

என் அக்கா ஒரு களையை நிற்கவிட்டு நகர்ந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.