இரைந்துகொண்டே மங்கிய விடிவெள்ளி

செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, தக்கலையிலிருந்து என் அண்ணன் வந்து வாசலில் நின்றான். "எலியாசர் மாமா போயிட்டாரு மக்கா. பைய எடு" என்றான். நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. நாகர்கோவிலில் ஒரு நாடக சபையின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டவர்கள். உப்புநீர்ச் சாடியிலிருந்து ஈயத் தகட்டை மெல்லத் தூக்கி, விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பார்கள். மேடையில் அந்தி சாயும். சாடியை நிரப்பும்போது உப்பை நாக்கில் தொட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

"வெளக்கு வைக்குதியளா, மீன்கொழம்பு வைக்குதியளா?" என்று ரோசம்மாள் மாமி கேலி செய்வார்கள்.

மாமி அதே சபையில் பாடியவர்கள். நெஞ்சுநோய் வந்தபின், ஒலிபெருக்கி இல்லாவிட்டால் அவர்கள் குரல் இரண்டாம் வரிசைக்கும் எட்டாது.

அப்போதுதான் சபை முதலாளி நியான் குழாயில் செய்த ஒரு விடிவெள்ளி விளக்கை வாங்கினார். கடைசிக் காட்சியில் மாமி பாடப் பாட அது மங்க வேண்டும். மாமா தகட்டைத் தூக்கியதும் குழாய் துடித்தது. அந்தத் துடிப்பில் ஒலிபெருக்கி இரைந்தது. பாட்டு அதில் மூழ்கிப்போயிற்று.

"ஓய் எலியாசர், வண்டு இரையுதத கேக்கவா சனம் வருது? வெளக்க கழத்த மாட்டேன். பாட்டுக்காரிய மாத்துவேன்" என்றார் முதலாளி.

உப்பில்தான் அழுக்கு என்று மாமா நம்பினார்கள். மூன்று உப்பளங்களின் உப்பை மாற்றினார்கள். குளச்சலிலிருந்து கடல்நீரே கொண்டுவந்தார்கள். இரைச்சல் போகவில்லை. இவ்வகைக் குழாய் சாதாரண விளக்கைப்போல் மங்காது, துடித்துத்தான் அணையும் என்று நான் பள்ளி நூலகத்தில் படித்துச் சொன்னேன்.

"ஏட்டி, புஸ்தகம் எழுதினவனுக்க பெஞ்சாதியா பாடுதா?" என்று மாமா சீறினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர்களே வந்து, "மின்சாரத்த தொடாண்டாம் மக்கா, வெளக்க மூடுனா போதும்" என்றார்கள். கறுப்புத் துணியில் உறை தைத்து, குழாயின்மேல் நூலால் இழுத்தார்கள். விடிவெள்ளி ஓசையின்றி மங்கியது. மாமா மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அதற்குள் முதலாளி மதுரையிலிருந்து வேறொரு பாடகியை அமர்த்திவிட்டார். அந்தப் பாடகிக்கு ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை. மாமிக்காகத் தைத்த உறையை, காய்ச்சலில் விழும்வரை, மாமா அவருக்காக இழுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "மாமிக்கு மருந்து வாங்காண்டாமா?" என்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் தாமே பாட வேண்டும் என்று மாமி பிடிவாதமாக நின்றார்கள். ஜெபம் முடிந்ததும் அவர்கள் உதடுகள் அசைந்தன. "பாடுதாளா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். பலர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

மாமா, உங்களுக்காக மாமி பாட்டின் நான்கு அடிகளையும் பாடினார்கள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "போய் வாருங்கள்" என்று இனி உங்களிடம் சொல்ல வழியில்லை. போங்கள், மாமா.