செம்பட்டைச் சுவாமியும் பதினொரு பெயர்களும்

செம்பட்டை முடிக்காரன் ஒருவன் மீது எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது. அவன் செத்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. தெருவெல்லாம் தண்ணீராய்க் கிடக்கும் வெனிஸ் நகரத்தில் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, வயலினுக்கு இசை எழுதிய மனுசன். அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எனக்குச் சோறு போட்டவரோடு கோபிக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சோறு போட்டவர் எங்கள் கோவில் குரு, எங்கள் சுவாமி. தொண்ணூற்றொன்றில் கரையோரத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஷெல் விழுந்து அம்மா செத்துப்போனா. அப்பாவைக் கடல் முன்னமே கொண்டுபோய்விட்டது. பதின்மூன்று வயதில் என்னை யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், ஒரு மாதா கோவில் வளவில் சுவாமி நடத்திய பெண்பிள்ளைகள் விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கென்று மிஞ்சியது அண்ணை ஒருவர்தான். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஏஜென்சிக்காரனைப் பிடித்து ஜெர்மனிக்குப் போனவர். அவருடைய விலாசம் அம்மாவின் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி வீட்டோடு எரிந்தது. அவர் கடிதம் போட்டாலும் பழைய வீட்டுக்குத்தான் போடுவார். அந்தக் கரையில் வீடும் இல்லை, ஆட்களும் இல்லை, தபால்காரனும் இல்லை. அம்மாவோடு நானும் போய்விட்டேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவருக்கு எப்படியாவது தெரியவேண்டும். அந்த நாட்களில் வேறொன்றையும் நான் மாதாவிடம் கேட்கவில்லை.

விடுதியில் நாங்கள் பதினொரு பேர். மின்சாரம் போய் ஒரு வருஷமாகியிருந்தது. ஊரில் றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றவேண்டும். சுவாமிக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அவரிடம் கையால் முறுக்குகிற பழைய கிராமபோன் ஒன்று இருந்தது. முன்பு அந்தக் கோவிலில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சுவாமி விட்டுப்போனது. கூடவே செம்பட்டைக்காரனின் இசைத்தட்டுகள் ஆறு. ஊசி முடிந்துபோனதால் நாகதாளி முள்ளைச் சீவிப் பொருத்துவோம். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு முள். முள் பொறுக்குவது என் வேலை. என் விரல்களில் ஓட்டை விழாத இடம் கிடையாது.

சனிக்கிழமை பின்னேரங்களில் சுவாமி இசைத்தட்டைப் போட்டுவிட்டு அவனுடைய சரித்திரம் சொல்லுவார். அவனுக்கு மூச்சு முட்டுகிற வருத்தமாம். அதனால் பூசை வைப்பதை விட்டுவிட்டானாம். அநாதைப் பெண்பிள்ளைகளின் மடம் ஒன்றில் வயலின் படிப்பித்தானாம். கடைசியில் வியன்னாவுக்குப் போய், ஏழையாகச் செத்து, ஏழைகளின் சவக்காலையில் புதைக்கப்பட்டானாம். எழுதி வைத்ததெல்லாம் எங்கோ பூட்டிக் கிடந்து, இருநூறு வருஷம் கழித்து ஒரு மடத்தில் கிளம்பியதாம். அதற்குப் பிறகு முதன்முதலாகப் பதிவான தட்டுகளில் இவையும் உண்டு என்று சொல்லும்போது சுவாமிக்குக் கண் கலங்கும்.

அவன் படிப்பித்த அந்த மடத்துப் பிள்ளைகள் மரக்கிராதிக்குப் பின்னால் நின்றுதான் வாசிப்பார்களாம். சனம் முகம் பார்க்கக் கூடாதாம். குடும்பப் பெயரும் கிடையாதாம், வயலின்காரி, புல்லாங்குழல்காரி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"சுவாமி, அந்தப் பிள்ளையளின்ரை பேர் தட்டிலை இருக்கோ?" என்று கேட்டேன்.

"பேர் எதுக்குப் பிள்ளை? பாட்டு இருக்குத்தானே," என்றார்.

எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய பெயரைச் சுவாமி ஒரு பின்னேரத்தில் இருபது தரம் சொல்லுவார். அவனுக்கு மட்டும் பெயர் எதற்கு?

அந்தத் தட்டுகளில் ஒன்றில், ஆறுதலாக, மெதுவாகப் போகிற ஒரு வயலின் துண்டு இருந்தது. அதற்குச் சுவாமி தமிழில் மாதா பாட்டு எழுதினார். தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பாடமாக்கினோம். கிராமபோனின் சுருள் தளர்ந்துபோயிருந்தது. தட்டு முடியப்போகும்போது வேகம் குறைந்து சுருதி இறங்கும். நாங்கள் அதுவும் பாட்டுத்தான் என்று நினைத்து, கடைசி அடியில் எல்லோரும் ஒன்றாகக் கீழே இறங்கப் பழகிவிட்டோம். தட்டோடு ஆயிரம் தரம் கேட்ட சுவாமிக்கும் அது பிழையாகப் படவில்லை.

அடுத்த வருஷம் கப்பலில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். விடுதிகளுக்கு உதவி சேர்க்கிற ஆள். யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. அவர் எப்படியோ அனுமதி எடுத்து ஒரு பதிவுக் கருவியும் நாலு பற்றரியும் கொண்டுவந்திருந்தார். எங்கள் பாட்டைப் பதிந்து, ஜெர்மனியிலும் பிரான்சிலும் எங்கள் சனம் கூடுகிற கோவில்களில் கசற்றாகக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

ஜெர்மனி என்று கேட்டதும் எழும்பிவிட்டேன். நேரே சுவாமியிடம் போனேன்.

"சுவாமி, பாட்டுக்கு முன்னம் எங்கடை பேரையும் ஊரையும் ஒருக்கா வாசிச்சுவிடுங்கோ. அண்ணை கேப்பார்."

"ஓம் பிள்ளை, அதுக்கென்ன? எழுதித் தா," என்றார்.

பதினொரு பெயர், பதினொரு ஊர். கொப்பித் தாளில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

முதல்தரம் பாடி முடிக்கும்போது வெள்ளைக்காரர் கையை உயர்த்தினார். கடைசி அடியில் ஏன் சுருதி விழுகிறீர்கள் என்று கேட்டார். சுவாமிக்கு முகம் செத்துவிட்டது. இரண்டாம் தரமும் விழுந்தோம். மூன்றாம் தரமும் விழுந்தோம். ஒரு வருஷப் பழக்கம் ஒரு பின்னேரத்தில் போகுமா? அதற்குள் பற்றரி இறங்கத் தொடங்கிவிட்டது. டைனமோவைச் சுற்றினால் அந்தச் சத்தமும் பதிவில் விழும். மிஞ்சியது ஒரு பாட்டுக்கும், அதற்கு முன்னால் கொஞ்சம் கதைக்கவும்தான் போதும் என்றார் வெள்ளைக்காரர்.

சுவாமி கருவிக்கு முன்னால் போய் நின்றார். நான் அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அங்கே போகவேயில்லை. செம்பட்டைக்காரனின் பெயரைச் சொன்னார். பிறந்த ஊர், மூச்சு வருத்தம், வியன்னா, சவக்காலை, பூட்டிக் கிடந்த தாள்கள், இசைத்தட்டு, ஒன்றும் விடவில்லை. எங்களைப் பற்றி, "எமது அநாதைச் சிறுமியர் பாடுகின்றனர்" என்று ஒரு வசனம். செத்துப் புதைத்த மனுசனுக்கு அவ்வளவு நீள அறிமுகம். உயிரோடு அவருக்கு முன்னால் நின்ற எங்களுக்கு அநாதை என்ற ஒரு சொல். எனக்கு அண்ணை இருக்கிறார், நான் அநாதை இல்லை.

பாடினோம். இந்தமுறை யாரும் விழவில்லை. கடைசி அடி முடிந்ததும் நான் நன்றாக மூச்சை இழுத்தேன். என் பெயரைச் சொன்னேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். "அண்ணை, நான் இருக்கிறன்," என்றேன்.

வெள்ளைக்காரர் என்னவென்று விசாரித்தார். சுவாமி இங்கிலீசில் ஏதோ சொன்னார். அவர் கசற்றைப் பின்னுக்குச் சுற்றி, பாட்டு முடிகிற இடத்தில் நிறுத்தி, மறுபடி பதிவுப் பொத்தானை அமர்த்தினார். என் குரலுக்கு மேல் வெறுமை பதிய எல்லோரும் பேசாமல் நின்றோம். என் பெயரை வாசிக்கப் போதாத பற்றரி, அதை அழிக்கப் போதுமாக இருந்தது.

"செபம் முடிஞ்சுது பிள்ளை. அதுக்குள்ளை உன்ரை சொந்தக் கதை வேண்டாம்," என்றார் சுவாமி. கத்தவில்லை, அடிக்கவில்லை. இரவு எனக்கு ஒரு அகப்பை சோறு கூடப் போடச் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். அன்றைக்குப் பிறகு நான் முள் பொறுக்கவில்லை. பாடவும் இல்லை.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் ஒரு சிஸ்டரோடு கிளாலியில் படகேறிக் கொழும்புக்கு வந்தேன். அங்கே ஒரு கோவில் வாசலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் என் முகத்தில் அம்மாவைக் கண்டு மறித்தார். அண்ணையின் ரெலிபோன் நம்பர் அவரிடம் இருந்தது. மூன்றாம் நாள்தான் அண்ணை ரெலிபோனை எடுத்தார். முதலில் இரண்டு பேரும் அழுததுதான்.

பிறகு கதைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். "எங்கடை பக்கத்துப் பிள்ளையள் பாடின கசற் ஒண்டு, கோவிலிலை தந்தவை. மூண்டு வருஷமா வேலைக்குப் போகேக்கை அதைத்தான் கேக்கிறனான். நீ இருந்திருந்தால் இந்த வயசுதானே எண்டு நினைப்பன். பொறு, போடுறன்."

ரெலிபோனுக்குள் சுவாமியின் குரல் வந்தது. வெனிஸ், மூச்சு வருத்தம், வியன்னா. பிறகு நாங்கள். கடைசி அடி முடிந்தது. ஒரு மூச்சு இழுபட்டது. டக்கென்று நின்றது.

"கடைசியிலை ஒரு பிள்ளை மூச்சிழுக்குது, கேட்டனியே? பாவம், பாடிக் களைச்சுப்போச்சு எண்டு ஒவ்வொரு முறையும் நினைப்பன்," என்றார் அண்ணை.

"களைப்பில்லை அண்ணை," என்றேன். "என்ரை பேரைச் சொல்ல வெளிக்கிட்டனான்."