பூரணத்துக்கு இடம் கேட்ட வள்ளியம்மை

வாவிக்கு அக்கரையில் புடவை விற்றுத் திரும்பிய காத்தான்குடி வியாபாரி ஒருவர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். "உங்களுக்கிட்ட பெட்டிசம் எழுத வந்த வள்ளியம்மை மோசம் போயிட்டா. அடக்கம் பண்ணி மூணு நாளாச்சு." நான் எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்துவைத்தேன்.

பதினைந்து வருடங்களுக்கு முன், அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் நான் மனு எழுதும் இடத்துக்கு அவரும் கணவரும் வந்தார்கள். துணி வெளுக்கும் குடும்பம். ஏழு வயது மகள் பூரணத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமை வாத்தியார் இடமில்லை என்று அனுப்பிவிட்டார். அவர் வீட்டுத் துணியும் இவர்கள் வெளுப்பதுதான். "பின் வரிசை வாங்குப் பலகை வெறுமையாக் கிடக்கு, ஐயா. கண்ணால பாத்துட்டுத்தான் வாறன்" என்றார் வள்ளியம்மை.

முதலில் பள்ளி மனேஜருக்கு எழுத வேண்டும், அவரும் மறுத்தால் கொழும்பில் கல்வித் திணைக்களத் தலைவராக இருக்கும் வித்தியாதிபதிக்கு எழுதலாம் என்று விளக்கினேன். ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் வள்ளியம்மை தமிழில் வாசிக்கச் சொன்னார். "தயவு கூர்ந்து" என்ற இடத்தில் நிறுத்தினார். "அதை எடுங்க. அரசாங்கம் காசு குடுக்கிற பள்ளிக்கூடம். என்ர பிள்ளைக்கு இடம்தானே கேக்கிறன்." என் தொழிலில் அந்தச் சொல் இல்லாமல் நான் எழுதிய முதல் மனு அது.

மனேஜர் மறுத்தார். கொழும்புக்கு எழுதினோம். செய்தி பரவியதும் ஊரார் இவர்களிடம் வெளுக்கத் துணி போடுவதை நிறுத்தினார்கள். "பெட்டிசத்தைத் திருப்பி எடுப்பமா?" என்று கணவர் என் முன்னாலேயே கேட்டார். "ஏலா" என்றார் வள்ளியம்மை.

மாரி காலத்தில் காய்ச்சல் வந்தது. பூரணம் எட்டே நாளில் போய்விட்டாள். கொழும்பிலிருந்து உத்தரவு அதன்பிறகுதான் என் விலாசத்துக்கு வந்தது. தோணியேறிப் போய் அவர்கள் குடிசையில் வாசித்தேன். பாதியிலேயே கணவர் எழுந்து வெளியே போனார். வள்ளியம்மை கடைசிவரை கேட்டார்.

"இதில பூரணத்தின்ர பேர் மட்டுந்தானா கிடக்கு?"

"இல்லை. சாதியைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் மறுக்கக்கூடாது என்றும் இருக்கிறது."

"அப்ப திங்கட்கிழமை நீங்களும் வாங்க."

தங்கையின் இரண்டு பெண்பிள்ளைகளையும் குளிப்பாட்டி அழைத்துப் போனார். தலைமை வாத்தியார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பிள்ளைகளின் பெயரை இடாப்பில் எழுதினார். பிறகு நிலத்தில் பாயைக் காட்டினார். வள்ளியம்மை நகரவில்லை. "வாங்கில இருத்துங்க, வாத்தியார். நான் நிண்டு பாத்துட்டுப் போறன்." பிள்ளைகள் வாங்கில் அமரும்வரை நின்றார்.

தோணித்துறைக்கு வந்ததும் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். தோணிக்காரர் கூப்பிடாமல் காத்து நின்றார்.

அந்தத் தங்கை பிள்ளைகளில் மூத்தவள் இன்று ஓர் ஆசிரியை. வள்ளியம்மையை அறிந்தவர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். எனக்கோ வேறொன்று மனதை அறுக்கிறது. கொழும்புக்கான மனுவை, கையில் காணி வழக்கு வேலைகள் இருந்ததால், பத்து நாள் பிந்தித்தான் அனுப்பினேன். பிந்தாதிருந்தால் உத்தரவு பூரணம் இருக்கும்போதே வந்திருக்கக்கூடும். அவரிடம் அதை ஒருபோதும் சொல்லவில்லை. அவர் என்னைக் கடைசிவரை நம்பினார்.

அந்த உத்தரவு வந்த நாள்முதல், பிள்ளைக்கு இடம் கேட்டு யார் வந்தாலும், மற்றதெல்லாம் ஒதுக்கிவிட்டு எழுதி, அன்றைய தபாலிலேயே சேர்க்கிறேன். வள்ளியம்மையிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த அவசரம்தான்.