கரித்துணியான பள்ளிச் சட்டை

மாமியார் அடுப்பில் வைத்த நல்லெண்ணெய் சூடாகிற வாடை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நேற்று என் மகள் வயதுக்கு வந்தாள். இன்று அவளுக்குப் பள்ளியில் சோதனை.

"பதினாறு நாள் வீட்டுலயே இருக்கட்டும் லா. ஸ்கூல் எங்க ஓடிப்போவுது?" என்றார் என் மாமியார்.

என் பதின்மூன்று வயதிலும் இதையேதான் சொன்னார்கள். மலேசியாவில், பகாவ் பக்கம், எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசைவீடுகளுக்குப் பின்னால், கோழிக்கூண்டை ஒட்டி, பச்சை ஓலையில் குடிசை கட்டி என்னை உட்காரவைத்தார்கள். தனித் தட்டு, தனிக் குவளை. விடிந்ததும் பெரியம்மா என் மூக்கைப் பிடித்துப் பச்சை முட்டையை ஊற்றுவார், பின்னாலேயே நல்லெண்ணெய். ஓலை இடுக்கில் பள்ளி பஸ் போவதைப் பார்த்து, "பெரியம்மா, இன்னிக்குச் சோதனை" என்று அழுதேன்.

"எழுதி ஆபீசுல கணக்கெழுதுற கிராணியாவப் போறியாக்கும்?" என்றார். லயமே சிரித்தது.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி, விருந்து போட்டார்கள். வயதுப்பெண் பஸ்ஸில் போகக்கூடாதாம். என் பள்ளிச் சட்டையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினார்கள்.

அடுப்பை அணைத்தேன். சொந்தம் என்ன பேசுமோ, பிள்ளை மயங்கி விழுவாளோ என்று பயம்தான். ஆனாலும் பையை எடுத்து மகள் தோளில் மாட்டினேன்.

"அத்தை, இவ சோதனை எழுதிட்டு வருவா. தீட்டுன்னா வாசல நானே கழுவிக்கிறேன்."