ரைலி அணைத்த அலாரங்கள்

அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக் காப்பிக்கு எல்லோரும் கூடியிருந்தபோதுதான் செய்தி வந்தது. ரைலியின் மகள் இல்போவை ஃபோனில் கூப்பிட்டு, "அம்மா விடிகாலையில போயிட்டாங்க" என்றாள். இல்போ அதை மற்றவர்களிடம் சொன்னான். யோவ்னி எழுந்து எல்லார் கோப்பையிலும் காப்பி ஊற்றினான். பிறகு ரைலியின் மேசையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தான். பின்லாந்தின் ஓலு நகரத்தில் துக்கம் விசாரிப்பது அவ்வளவுதான்.

ரைலி கோர்தெஸ்னியெமி, வடக்குப் பக்கத்து மின்பாதைகளைக் கணினியில் கண்காணிக்கும் குழுவுக்குப் பல வருடம் தலைவியாக இருந்தவர். நோய் முற்றி விடுப்பில் போனபோது இல்போவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் இரவு ஃபோனை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். எந்த மின்நிலையத்தில் எந்தக் கருவி முனகினாலும் அது அலறும். யோவ்னி கெட்டிக்காரன் என்பதால் மற்றவர்கள் முறையும் மெல்ல அவன் தலையிலேயே விழுந்தது. அவன் பேசாமல் செய்தான். பேசாத மனிதனிடம் போய் ஏன் பேசவில்லை என்று கேட்பது அந்த ஊரில் நாகரிகம் இல்லை. பேசாமல் இருக்கிறான், அப்படியென்றால் நன்றாக இருக்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

விடுப்பில் போவதற்கு முன்பு பிப்ரவரியில் ஒரு நாள், காப்பி குடித்துக்கொண்டே ரைலி சும்மா கேட்டார்:

"இந்த வருஷம் கடல்ல ஐஸ் எவ்வளவு கனம், யோவ்னி?"

"தெரியல."

"துளை போட்டுப் பார்க்கலையா?"

"இல்ல."

பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பதற்காகவே குளிர்காலத்துக்குக் காத்திருப்பவன் அவன். ரைலி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த ஃபோனை இங்க குடு."

"ஏன், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. குடுத்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கு."

விஷயம் இயக்குநர் பென்த்தியின் காதுக்குப் போயிற்று. "மன அழுத்தத்தைத் தாங்குறதுக்கு ஒரு வகுப்பு இருக்கு, ரைலி. அனுப்பிடலாமே. மூச்சுப் பயிற்சியெல்லாம் உண்டாம்."

"மூச்சு அவனுக்கு நல்லாத்தான் வருது. தூக்கம்தான் வரல. வகுப்புக்கு நீ போய்ட்டு வா. நான் இங்க வேலையைச் சரிபண்றேன்."

ஃபோனை ரைலியே தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அது எதற்கெல்லாம் ஆளை எழுப்புகிறது என்று பட்டுத் தெரிந்துகொண்டார். பாதிக்கு மேல், விடிந்த பிறகு பார்த்தால் போதுமான சமாச்சாரங்கள். ஒவ்வொரு நிலையமாக எடுத்து, ஒரு மனிதனின் தூக்கத்தைக் கெடுக்கத் தகுதியில்லாத அலாரங்களைப் பகலுக்குத் தள்ளினார். மிச்சத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார். இரவில் எழுந்தவர் மறுநாள் மதியம் வந்தால் போதும் என்றார். ஐஸ் உருகுவதற்கு முன்பே யோவ்னி ஒரு பை மீனோடு வந்து நின்றான். "ஐஸ் ஒரு முழம் தாராளமா இருக்கு" என்றான், யாரும் கேட்காமலே.

இதெல்லாம் இனி நிலைக்குமா என்பதுதான் அன்று காலை கேள்வி. மெழுகுவர்த்தி பாதி எரிவதற்குள் பென்த்தி வந்துவிட்டார். மேசைக்கு முன் தலைகுனிந்து நின்றார். பிறகு இல்போவின் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கே சொல்லக் கூடாதுதான். ஆனா வாடிக்கையாளர்கள் கேக்குறாங்க, இல்போ. பழைய அலாரத்தையெல்லாம் திரும்பப் போட்டா அவங்களுக்கு ஒரு நிம்மதி."

"அவங்க நிம்மதிக்கு இவங்க தூக்கமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்ப்பா."

இல்போ ஃபோனை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். "அந்தக் கொஞ்ச நாளும் இது உன் வீட்டுல இருக்கட்டும். உன் பொண்டாட்டி சரின்னு சொன்னா நாளைக்கே போட்டுடலாம்."

யாரோ சிரித்துவிட்டார்கள், யோவ்னியாகத்தான் இருக்கும். பென்த்தி ஃபோனைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"சரி, இருக்கறபடியே இருக்கட்டும். அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

இல்போ ஃபோனை மேசையில் வைத்தான்.

ரைலி முடிக்காமல் போன நிலையம் ஒன்று மட்டும் இல்போவுக்குப் பாக்கி. கெமி நிலையத்தில் குளிரூட்டும் விசிறி ஒன்று வேகம் குறைந்தால் அடிக்கும் அலாரம் இன்னும் இரவில்தான் அடிக்கிறது.